எண்பது மீட்டர் உயரத்திலிருந்து கடலைப் பார்த்தால்

கடல் மட்டம் உயர்கிறது என்று காரைக்குடியில் பேச்செடுத்தால், "கடல் எங்க கெடக்கு, நம்ம எங்க இருக்கோம்?" என்றுதான் பதில் வரும். நியாயமான கேள்வி. தொண்டிக் கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 80 மீட்டரில் இருக்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுக்க உருகினால் உலகக் கடல் 7 மீட்டருக்குச் சற்று மேல் உயரும். அண்டார்டிகாவும் உருகினால் இன்னொரு 58 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 65 மீட்டரை ஒட்டி வருகிறது, அதுவும் பல நூற்றாண்டுகளில். ஆக, உலகத்துப் பனியெல்லாம் கரைந்து ஓடினாலும் செக்காலை ரோடு நனையாது.

நனைகிற இடம் வேறு. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அடுத்துப் பினாங்கு. இந்த நான்கில் கடலின் ஏற்றவற்றம் எட்டாத ஊர் காரைக்குடி ஒன்றுதான். வீடு மேட்டில், வரவு துறைமுகத்தில் என்பதே ஒன்றரை நூற்றாண்டாக இந்தப் பக்கத்துக் கணக்கு. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் தேட, போன ஊர்கள் எல்லாம் தாழ்ந்த நிலத்துத் துறைமுகங்கள். வானம் பார்த்த பூமியில் பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வந்து இறங்கியது அந்தத் துறைமுகங்களின் பணத்தில். இன்று பிள்ளைகள் படித்து, வேலை பார்த்து, வீடு வாங்குகிற சென்னையும் அதே வரிசையில்தான் சேர்த்தி. ஆகவே கடலைப் பற்றிக் கவலைப்படுகிற செட்டிநாட்டுக்காரர் தன் வீட்டுத் திண்ணையின் உயரத்தை அளந்து பயனில்லை. மகன் குடியிருக்கிற தெருவின் மழைநீர் வடிகால் எந்த மட்டத்தில் கடலில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

கடலைப் பற்றி இங்கே பழைய நினைவு ஒன்று உண்டு. நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் (புகாரில்) இருந்தவர்கள். அங்கிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து, இளையாத்தங்குடி தொடங்கி ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள் என்பது குல வரலாறு. ஏன் கிளம்பினார்கள் என்பதற்குச் சோழ மன்னனோடு வந்த மனக்கசப்பு என்று ஒரு காரணம் சொல்வார்கள், கடல் கொண்டது என்று இன்னொன்று. சுற்றுலா வருகிறவர்களிடம் இரண்டாவதுதான் அதிகம் விலைபோகிறது. வீட்டின் அடித்தளம் ஏன் இவ்வளவு உயரம் என்று கானாடுகாத்தானில் கேட்டுப் பாருங்கள். "கடலுக்குப் பயந்து வந்தவுக, அதான் தூக்கிக் கட்டிருக்காக" என்பார்கள். அழகான விளக்கம், ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. கடலை விட்டு இத்தனை தூரம், இத்தனை மேட்டுக்கு வந்த பிறகு நாலைந்து அடி அடித்தளத்தை நம்பிக் கடலுக்கு அணை போட, கணக்கில் புலிகளான மனிதர்களுக்கு என்ன வந்தது? தெருவைவிட வீடு உயரமாக இருந்தால் முற்றத்தில் விழுந்த மழை தானாக வெளியே வடியும், கரையான் தொல்லை குறையும், தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்ப்பார். மூன்றாவது காரணத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

புகாரை எது விழுங்கியது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்திரவிழா எடுக்கத் தவறியதால் கடல் பொங்கி நகரை அழித்தது என்கிறது மணிமேகலை. 1980கள் தொட்டு நடந்த கடலடி ஆய்வுகளில் பூம்புகார்க் கரைக்கு அப்பால் நீருக்கடியில் கட்டுமான எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. நகரின் ஒரு பகுதி கடலுக்குள் போனது உண்மை. ஆனால் அது உலகக் கடல் உயர்ந்ததால் நடந்ததாகத் தெரியவில்லை. பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது தரை. தொண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு கடல் ஏறிக்கொண்டே வந்து, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. புகார் செழித்ததோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன். அப்போது உலகக் கடல் பெரிதாக ஏறவில்லை. கரை அரிப்பு, புயல் அலை, ஆற்று வாய் இடம் மாறுவது, டெல்டாவின் வண்டல் தன் பாரத்தில் தானே அமிழ்வது போன்ற உள்ளூர்க் காரணங்களே ஒரு துறைமுகத்தைத் தின்னப் போதும்.

இன்றைய கரையோர நகரங்களுக்கு அந்த உள்ளூர்க் காரணங்கள் எல்லாம் அப்படியே இருக்க, மேலே உலகக் கடலும் ஏறுகிறது. டெல்டாவுக்குக் கரையைக் கட்டிக்காக்க வண்டல் வந்தாக வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழும்பிய பிறகு காவிரி சுமந்து வரும் மண்ணில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணையால் கிடைத்த பாசனம் கண்கூடு. அதற்காகக் கரை கொடுத்த விலை யார் கணக்கிலும் ஏறவில்லை.

கடல் ஏன் ஏறுகிறது என்பது பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சூடாகும் நீர் விரிகிறது. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் பாதி இதனால். மீதியில் பெரும்பகுதி மலைப் பனியாறுகளும் துருவப் பனிப்பாளங்களும் உருகியதால். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரி உயர்வு 20 சென்டிமீட்டர். நூறு ஆண்டில் ஒரு சாண் என்றால் அலட்சியம் செய்யத் தோன்றும். பார்க்க வேண்டியது வேகத்தை. செயற்கைக்கோள் அளவு தொடங்கிய 1993-இல் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது, 2023-இல் நாலரை ஆகிவிட்டது. வட்டிக்கு வட்டி என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி கணக்குப்படி 2050-க்குள் உயர்வு 15 முதல் 30 சென்டிமீட்டர் (1995-2014 சராசரியை அடிப்படையாக வைத்து). 2100-இல் புகைவெளியீட்டைக் கடுமையாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காவிட்டால் 63 முதல் 101 சென்டிமீட்டர். பனிப்பாளங்கள் எதிர்பாராத வகையில் நொறுங்கினால் அதற்கும் மேலே.

இந்த 30 சென்டிமீட்டர் சென்னையை என்ன செய்யும்?

கடல் எழுந்து வந்து மயிலாப்பூருக்குள் நுழைவதாகப் படம் போடுகிறார்கள். அப்படி நடக்காது, அப்படி நடக்கத் தேவையும் இல்லை. சென்னையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் பெரிய நாள்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரையும் தொடும். காம்பேயில் 30 சென்டிமீட்டர் கூடுவது தெரியவே தெரியாது. சென்னையில் அது மொத்த ஏற்றவற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும், அவற்றில் விழும் நூற்றுக்கணக்கான வடிகால்களும், கடல் வற்றியிருக்கிற சில மணி நேரத்தை நம்பித்தான் நகரத்தின் மழைநீரை இறக்குகின்றன. கடல் உயர உயர அந்த நேரம் சுருங்கும். வடிகால் குழாயின் வாய் நாளின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கியே கிடந்தால், மேலே எத்தனை கோடிக்குப் புதுக் கால்வாய் வெட்டினாலும் தண்ணீர் போக இடமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதற்கு ஒத்திகை நடந்தது. வெளியே காற்று கடலைக் கரையோடு தள்ளிப் பிடித்திருந்தது, முகத்துவாரங்கள் வெள்ளத்தை வாங்க மறுத்தன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வீடுகளில் நின்ற தண்ணீரில் கடல்நீர் ஒரு சொட்டும் இல்லை, எல்லாம் மழைநீர். வடிய விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது கடல். தென்சென்னையின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடல் சேர வேண்டும். வாட்டம் மிகக் குறைவான பாதை அது. தண்ணீர் தங்கும் இடமாக இருந்த சதுப்பின் பெரும்பகுதியில் இன்று குப்பைக் கிடங்கு, அடுக்குமாடி, ஐடி வளாகம். உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்ததெல்லாம் மிச்சம் இருந்த பகுதி.

அடையாறு முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். கோடையில் ஆற்றின் வாயை மணல்மேடு அடைத்துக்கொள்ளும். மழைக்கு முன் பொக்லைன் இறங்கி வாரும். அடுத்த ஆண்டும் அதே வேலை. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் மணல் நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கல்சுவர் போட்டதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிந்து, மீனவர் தெருக்கள் வரிசையாகக் கடலுக்குள் போயின. நாம் சுண்டல் தின்கிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது. 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆய்வு மையம் கணித்ததில், தமிழகக் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருந்தது. இதில் மனிதன் போட்ட கல்லின் பங்கு கடல் மட்டத்தின் பங்கைவிடப் பெரிது என்பதே என் கருத்து. கடல் ஏறுவது அந்தத் தவறுகளுக்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது.

தரைக்கு மேலே இவ்வளவு. தரைக்குக் கீழே நடப்பது இன்னும் சத்தமில்லாதது. உப்புநீர் நன்னீரைவிடக் கொஞ்சம் கனம். அதனால் கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அந்த ஒரு மீட்டரில் பாதியை போர் போட்டு உறிஞ்சினால் கீழே 20 மீட்டர் நன்னீர் போயிற்று. கடல் உயர்ந்தாலும் விளைவு அதே திசையில்தான். மீஞ்சூர்ப் பக்கம் இது நடந்து முடிந்த கதை: அளவுக்கு மீறி இறைத்ததில் உப்புநீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. பிறகு 2010-இல் அதே மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். சும்மா கிடைத்த நன்னீரை இழந்துவிட்டு, மின்சாரம் கொடுத்து உப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

உப்பைப் பற்றிய அறிவுக்குக் காரைக்குடிக்காரர் வெளியூர் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உள்ளூர்ப் பேச்சில் சிக்ரி, இரும்பு துருப்பிடிப்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. கடற்காற்றில் உலோகத்தைக் காட்டி வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு நிலையம் உண்டு. கடலே இல்லாத ஊரில் கடலோரக் கட்டடங்களின் நோய்க்கு வைத்தியசாலை.

அந்த நோய் இப்படி. கான்கிரீட்டின் காரத்தன்மையால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகும். அது இருக்கும்வரை துரு அண்டாது. கடற்காற்றிலும் உப்பேறிய நிலத்தடி நீரிலும் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியே ஊறி ஊறிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளேயே உப்பி, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கோடு, பிறகு விரிசல், பிறகு ஒருநாள் தட்டுத் தட்டாக உதிர்வது என்பதே வரிசை. பூச்சு வேலைக்காரர் சிமெண்ட் பூசி மூடுவார், இரண்டு மழையில் மறுபடி உதிரும்.

இதைத் தள்ளிப்போடும் வழி மிகச் சாதாரணமானது: கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட். கடற்காற்று நேரே படுகிற கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும், எம்-30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456. அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் சென்ட்ரிங் தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக் வைக்கிறார்கள். கட்டடம் நடக்கிற இடத்தில் குனிந்து பார்த்தால் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் தென்படும். சில இடத்தில் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். காரைக்குடியில் அது பெரிய குற்றமில்லை. நீலாங்கரையில் அந்த வித்தியாசம் கட்டடத்தின் ஆயுளில் பாதியைத் தின்றுவிடும். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தைத் துருவோடு ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டிக் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். அடுக்குமாடிக்கு அந்தச் செலவை எந்த பில்டரும் செய்யப்போவதில்லை.

கடல் தாண்டிய ஊர்களில் நிலைமை ஊருக்கு ஊர் வேறு. பர்மாவில் 1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்து, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பேரில் இருந்தது. அதில் பெரும்பாகம் ஐராவதி டெல்டா. அந்தச் சொத்து சட்டத்தால் போனது, கடலால் அல்ல. ஆனால் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அந்த டெல்டாவில் ஏறியபோது கடல் அலை 40 கிலோமீட்டர் உள்ளே வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். தொண்டியிலிருந்து காரைக்குடிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய அந்த 40 கிலோமீட்டர்தான். காரைக்குடியைக் காப்பது தூரமல்ல, உயரம்.

சைகோன் சேற்று நிலத்தின் மேல் நிற்கிற நகரம். நிலத்தடி நீரை உறிஞ்சுவதில் தரையே கீழிறங்குகிறது; அங்கே சில இடங்களில் கடல் ஏறுவதைவிட வேகமாகத் தரை இறங்குகிறது.

சிங்கப்பூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித் தொழில் நடந்த கடைகள்) இருந்த காலத்தில், ஆற்று வாயில் கடல் ஏறும் நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் போட் கீ, சைனா டவுன் பக்கம் வெள்ளம் நிற்பது வாடிக்கை. சென்னையின் அதே நோய். 2008-இல் திறந்த மெரினா பராஜ் அதற்குச் செய்த வைத்தியம்: ஆற்று வாய்க்குக் குறுக்கே ஒன்பது மதகு, கடல் வற்றியிருந்தால் மதகைத் தாழ்த்தித் தண்ணீரை விடுவார்கள், ஏறியிருந்தால் மூடிவிட்டு, நொடிக்கு 40 கன மீட்டர் தள்ளும் ஏழு ராட்சதப் பம்புகளை ஓட்டுவார்கள். தீவில் சுமார் 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குள் இருப்பதால் அதோடு நிறுத்த முடியவில்லை. நிரப்பும் புது நிலத்தின் உயரத்தை 2011-இல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கினார்கள். அடுத்த நூறு ஆண்டில் கரையைக் காக்க 100 பில்லியன் சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2019-இல் தேசிய தின உரையில் சொன்னார். 2100-க்குள் கடல் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்று 2024-இல் கணக்கைத் திருத்தினார்கள். பணக்கார நகரம் காசைப் போட்டுப் பிழைத்துக்கொள்ளும். அந்த நகரத்தில் வீடு வைத்திருக்கும் செலவு கூடும், அவ்வளவே. பினாங்குக்கும் கொழும்புக்கும் அந்த வசதி இல்லை.

ஊர்ப் பக்கமே திரும்பினால், செட்டிநாட்டின் கண்மாய்கள் நிரம்பி வழிந்து மணிமுத்தாறு, பாம்பாறு வழியே போய்ச் சேர்வது பாக் விரிகுடாவில். ஆழம் குறைந்த, ஏற்றவற்றம் சென்னையைவிடவும் சிறிய கடல் அது. திருவாடானைக்குக் கிழக்கே நிலம் தட்டையாகி, கண்மாய்க்குள் கண்மாயாக நீளும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் அந்தப் பக்கத்துப் பெருமை. அங்கே கடைமடையில் நன்னீர் வந்து நிற்கிறவரைதான் உப்பு பின்வாங்கி இருக்கும். மேலே தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் வரத்துக்கால் அடைபட்டு, ஊருணியில் பிளாட் போட்டு, கீழே தண்ணீர் இறங்காமல் போனால், கடல் ஒரு மில்லிமீட்டரும் ஏறாமலே அங்கே கிணறு உப்பாகும். எண்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவரும் கடலோரத்துக்குக் கெடுதல் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் இல்லை.

சென்னையில் வீடு பார்க்கும்போது வாஸ்து, கிரயப் பத்திரம், வில்லங்கம், சிஎம்டிஏ அனுமதி எல்லாம் சரிபார்க்கிறோம். பத்திரத்தில் நான்கு எல்லை இருக்கும், சர்வே எண் இருக்கும், மனை கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பது எங்கும் இருக்காது. இன்று வாங்கும் கடன் முடிய இருபது ஆண்டு, கட்டடம் நிற்க வேண்டியது அறுபது ஆண்டு. அதாவது 2080-ஐத் தாண்டி. உயரத்தைத் தெரிந்துகொள்வது கடினமல்ல, ஒரு சர்வேயரை வைத்து மட்டம் பார்க்கச் சொன்னால் அரை நாள் வேலை. அப்படியே தெரு வடிகால் எங்கே போய் விழுகிறது, போர்த் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எத்தனை, சுற்றுப்புறத்தில் பத்தாண்டான கட்டடங்களின் பால்கனி அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஆளும் வேண்டாம், தெருவில் நின்று தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும்.